கத்தியும் கையொப்பமும்

மருத்துவத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாற்றையே எழுதியுள்ளனர். கிருமியைக் கண்டவர், மயக்க மருந்தைக் கண்டவர், புதிய சத்திரசிகிச்சையை வகுத்தவர் என்றவாறு அவ்வரலாற்றிலே பெயர்கள் வரிசையாக நிற்கும். கட்டிலிற் கிடந்தவரின் பெயரை அங்கே தேடினால் அகப்படாது. அவருக்கு என்ன சொல்லப்பட்டது, அவரிடம் எதற்கு அனுமதி கேட்கப்பட்டது, அவர் மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பனவெல்லாம் எழுதப்படாத பக்கங்களாகவே இருந்துவந்தன. ஆயினும் சென்ற நூற்றாண்டில் மருத்துவ உலகு கண்ட பெருமாற்றங்களுள் ஒன்று, அந்தக் கட்டிலிலிருந்து எழுந்த கேள்வியொன்றினால் விளைந்ததாகும். 'என் உடம்புக்கு என்ன செய்வதென்று தீர்மானிக்க வேண்டியவர் யார்?' என்பதே அக்கேள்வி.

இக்கேள்வி எவ்வாறு எழுந்தது, எவரால் எழுப்பப்பட்டது, அதற்கு விடை காண்பதில் விஞ்ஞானம் வகித்த பங்கு யாது என்பவற்றை ஆராய்வதற்கு, ஐக்கிய அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு அளிக்கப்பட்ட சிகிச்சையின் வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

பால்டிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிற் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் சத்திரவைத்தியர், 1894ஆம் ஆண்டிலே தாம் சிகிச்சை செய்த 50 பெண்களைப் பற்றி அறிக்கையொன்றை வெளியிட்டார். புற்றுநோய் மார்பிலே தோன்றி, நிணநீர் வழியாக ஒழுங்கான முறையில் மெல்ல மெல்ல வெளிநோக்கிப் பரவுகின்றது என்பது அவர் கொண்ட கோட்பாடு. ஆகவே நோய் சென்றிருக்கக்கூடிய பாதை முழுவதையும் அகற்றிவிட்டால் நோயாளி பிழைப்பார் என அவர் கருதினார். மார்பு முழுவதும், அதன் கீழுள்ள பெருந்தசைகளும், அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களும் ஒரே தொகுதியாக வெட்டி எடுக்கப்பட்டன. 50 பேருள் மூவருக்கே அறுத்த இடத்தில் நோய் மீண்டும் தோன்றியது. அக்காலத்து ஐரோப்பிய சத்திரவைத்தியர்களின் அனுபவத்தோடு ஒப்பிடும்போது இது வியக்கத்தக்க பெறுபேறாகும்.

ஹால்ஸ்டெட்டைக் கொடியவராகச் சித்திரிப்பது வரலாற்றுக்கு நீதியாகாது. கட்டி முற்றிப் புண்ணாகிய பின்னரே பெண்கள் வைத்தியரிடம் வந்த காலம் அது. இழையங்களை மென்மையாகக் கையாளவும், இரத்தப் பெருக்கைக் கட்டுப்படுத்தவும், சத்திரசிகிச்சையின்போது இறப்பர்க் கையுறை அணியவும் ஒரு தலைமுறைக்குக் கற்பித்தவர் அவர். ஆயினும் அவருடைய பெறுபேற்றிலே ஒரு நுட்பமான மயக்கம் இருந்தது. அறுத்த இடத்தில் நோய் மீளாதிருத்தல் ஒன்று. நோயாளி உயிர்பிழைத்திருத்தல் மற்றொன்று. முன்னதற்குக் கிடைத்த சான்று பின்னதற்கும் சான்றாகக் கொள்ளப்பட்டது. கோட்பாடு மரபாயிற்று, மரபு வேதமாயிற்று. அவரிடம் பயின்றவர்கள் நாடெங்குமுள்ள மருத்துவக் கல்லூரிகளிலே தலைமைப் பதவிகளைப் பெற்றனர். ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் இச்சத்திரசிகிச்சை அமெரிக்காவிலே கேள்விக்கு அப்பாற்பட்டதாக விளங்கிற்று. சிலர் அதனையும் போதாதெனக் கருதி, 1950களில் விலாவெலும்புகளின் பகுதிகளை நீக்கி நெஞ்சுக்கூட்டின் உள்ளேயிருந்த கணுக்களையும் அகற்ற முற்பட்டனர்.

இதற்கான விலையைச் செலுத்தியவர்கள் பெண்கள். நெஞ்சு குழிவிழுந்து விலாவெலும்புகள் தோலின் கீழே தெரிந்தன. நிணநீர் வழிகள் அற்றுப்போனதனால் பலருக்குக் கை வீங்கிக் கனத்தது. தோளை உயர்த்தித் தலைவாரவும், பாரம் தூக்கவும், குழந்தையை ஏந்தவும் இயலாது துன்புற்றோர் பலர். உயிருக்கு ஈடாகக் கொடுக்கவேண்டிய விலை இதுவே என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. வேறு வழி உண்டா என்று கேட்பதற்கு இடமே வைக்கப்படவில்லை.

அக்காலத்துப் பொதுப் பிரசாரமும் இதனையே வலியுறுத்திற்று. 1913இல் அமெரிக்காவிலே புற்றுநோய்க் கட்டுப்பாட்டுச் சங்கம் நிறுவப்பட்டது. 1936இல் அச்சங்கம் 'பெண்கள் களப்படை' என்ற பெயரிலே தொண்டர்களைத் திரட்டியது. 'தாமதியாதே; உடனே வைத்தியரிடம் செல்' என்பதே அவர்கள் வீடுதோறும் கொண்டுசென்ற செய்தி. அச்செய்தியால் நன்மை விளைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்குள்ளே ஒரு குற்றச்சாட்டும் பொதிந்திருந்தது. ஒரு பெண் இறந்தால் அவள் தாமதித்தாள் என்பதே காரணமாயிற்று. சிகிச்சை பயனளிக்கவில்லை என்று எவரும் சொல்லவில்லை. யோசிப்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் தாமதமாகவே எண்ணப்பட்டது.

இம்மனப்பாங்கு சத்திரசிகிச்சைக் கூடத்திலே ஒரு வழக்கமாக உருக்கொண்டது. மார்பிலே கட்டியொன்றைக் கண்ட பெண், வைத்தியசாலைக்குச் சென்றதும் ஒரு தாளிற் கையொப்பமிடுவாள். மயக்க மருந்து கொடுக்கப்பட்டபின் கட்டியின் ஒரு துண்டு எடுக்கப்படும். அதனை உறையவைத்து நுணுக்குக்காட்டியிலே பார்ப்பார்கள். புற்றுநோயில்லையெனின் காயத்தைத் தைத்துவிடுவார்கள். புற்றுநோயெனின் அவளை எழுப்பாமலே மார்பு முழுவதையும் அகற்றிவிடுவார்கள். கண்விழிக்கும்போது கட்டுத்துணியைத் தடவிப் பார்த்துத்தான் தனக்குப் புற்றுநோய் உண்டா இல்லையா என்பதை அவள் அறிந்துகொண்டாள். நோயின் பெயரை அறிவதற்கு முன்னரே அதற்கான சிகிச்சைக்கு அவள் சம்மதித்திருந்தாள். அத்தாளிலே கையொப்பம் இருந்தது. தீர்மானம் இருந்ததென்று கூறமுடியுமா?

நோயின் பெயரையே நோயாளிக்குச் சொல்லாதிருந்த காலம் அது என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 1961ஆம் ஆண்டிலே சிக்காகோ நகர வைத்தியர்கள் 219 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றிலே, புற்றுநோயாளிக்கு உண்மையைக் கூறாமல் விடுவதையே தாம் விரும்புவதாக ஏறத்தாழ 90 வீதத்தினர் தெரிவித்தனர். நம்பிக்கையைக் குலைக்கலாகாது என்பதே அவர்கள் கூறிய காரணம். பதினெட்டு ஆண்டுகளின் பின்னர், 1979இல், வேறோர் அமெரிக்க ஆய்விலே 97 வீதத்தினர் உண்மையைக் கூறுவதையே விரும்பினர். மனித இயல்பு பதினெட்டு ஆண்டுகளிலே மாறிவிடுவதில்லை. மாறியது மருத்துவரும் நோயாளியும் ஒருவர் முன் ஒருவர் நின்ற நிலையே.

இம்மாற்றத்துக்குச் சட்டம் ஓரளவு வழிவகுத்திருந்தது. 1908இல் நியூ யோர்க் நகரிலே ஷ்லோண்டோர்ப் என்ற பெண்மணி, மயக்கநிலையிற் பரிசோதிப்பதற்கு மட்டும் இணங்கினார். சத்திரசிகிச்சை வேண்டாமென்று கூறியிருந்தார். ஆயினும் அவர் மயங்கிக்கிடந்த வேளையிலே அவருடைய வயிற்றிலிருந்த கட்டி அகற்றப்பட்டது. பின்னர் அவருடைய இடக்கை அழுகலுற்றுச் சில விரல்களை வெட்டவேண்டியதாயிற்று. 1914இல் வழங்கப்பட்ட தீர்ப்பிலே நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ, வயதும் தெளிந்த புத்தியும் உடைய ஒவ்வொரு மனிதருக்கும் தம் உடம்புக்கு என்ன செய்யப்படலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை உண்டெனத் தெளிவாக எழுதினார். ஆனால் வழக்கில் அப்பெண் தோற்றார். வைத்தியசாலை ஒரு தரும நிறுவனம். தருமம் பெற்றவர் அந்நிறுவனத்திடம் நட்டஈடு கேட்க முடியாது என்பது காரணங்களுள் ஒன்று. உரிமை உண்டென்று சொன்ன தீர்ப்பே, பிச்சையாகப் பெற்ற இடத்தில் உரிமை செல்லாதென்றும் சொல்லிற்று. இம்முரண்பாட்டை நாம் மறத்தலாகாது.

1957இலே கலிபோர்னிய நீதிமன்றம் ஒன்று, 'அறிந்து கொடுக்கும் சம்மதம்' என்ற கருத்தைத் தன் தீர்ப்பிலே பயன்படுத்தியது. 1972இல் வாஷிங்டனில் வழங்கப்பட்ட கண்டர்பரி வழக்கின் தீர்ப்பு இன்னும் ஓரடி முன்னே சென்றது. எவற்றையெல்லாம் நோயாளிக்குச் சொல்லவேண்டும் என்பதை அளக்கும் கோல், வைத்தியர்களின் வழக்கம் அன்று. தீர்மானிப்பதற்கு நோயாளிக்குத் தேவையானது எதுவோ அதுவே அளவுகோல் என அத்தீர்ப்பு வரையறுத்தது.

ஆனால் நீதிமன்றத்தின் ஏடுகளிலே எழுதப்பட்ட உரிமை, தானாக நடந்து வைத்தியசாலைக்கு வருவதில்லை. அதனை அங்கே கொண்டுசேர்த்தவர்கள் நோயுற்ற பெண்களே. 1971இல் நியூ யோர்க்கிலே பேபெற் றொஸ்மண்ட் என்ற எழுத்தாளர், முழுச் சிகிச்சைக்கும் ஒரே வேளையிற் சம்மதிக்கும் தாளிற் கையொப்பமிட மறுத்தார். முதலிலே சோதனை, அதன் பெறுபேறு தெரிந்தபின் தீர்மானம் என்பது அவருடைய நிலை. கிளீவ்லண்ட் நகரிலே, 1950களின் நடுப்பகுதியிலேயே ஹால்ஸ்டெட் முறையைக் கைவிட்டிருந்த ஜோர்ஜ் கிறைல் என்னும் சத்திரவைத்தியரிடம் சென்று கட்டியை மட்டும் அகற்றுவித்தார். தம் அனுபவத்தை 1972இலே பெண்கள் சஞ்சிகையொன்றில் எழுதினார். கிறைல் தம்முடைய சகபாடிகளால் ஒதுக்கப்பட்டவர். 1920களிலேயே லண்டனில் ஜெப்ரி கீன்ஸ் என்பவர், சிறிய சத்திரசிகிச்சையோடு றேடியத்தைப் பயன்படுத்திக் கண்ட நற்பலனும் அமெரிக்காவிற் பொருட்படுத்தப்படவில்லை. மாற்றுக் கருத்து இல்லாமற் போகவில்லை. அது நோயாளியின் காதுக்கு எட்டாதவாறு தடுக்கப்பட்டிருந்தது.

1974ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே றோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் தம் மார்பிலே கட்டியொன்றைக் கண்டார். பத்திரிகையாளருக்குரிய இயல்போடு நூலகத்துக்குச் சென்று மருத்துவ ஏடுகளைப் படித்தார். சோதனையை மட்டும் செய்து தம்மை எழுப்பிவிடும்படி அவர் கேட்டபோது, அதற்கு இணங்கும் சத்திரவைத்தியரைக் காண்பதே அரிதாயிருந்தது. ஈற்றில் நோய் உறுதியானபின், நெஞ்சுத் தசைகளை விட்டுவைக்கும் சத்திரசிகிச்சையை அவர் தேர்ந்துகொண்டார். இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. குஷ்னர் சத்திரசிகிச்சையை எதிர்த்தவரல்லர். மார்பை இழக்கவும் அவர் உடன்பட்டார். உறக்கத்திலே தம்மைப் பற்றிய தீர்மானம் எடுக்கப்படுவதையே அவர் எதிர்த்தார்.

அவ்வாண்டு செப்டெம்பரில் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி பெற்றி போட்டுக்கு அதே நோய் என ஐயுறப்பட்டது. சோதனையையும் சிகிச்சையையும் ஒரே மயக்கத்திற் செய்யவேண்டாமெனக் கேட்டுக்கொள்ளக் குஷ்னர் வெள்ளை மாளிகையோடு தொலைபேசியிலே தொடர்பு கொண்டார். ஜனாதிபதி தீர்மானம் எடுத்துவிட்டார் என்ற மறுமொழியே தமக்குக் கிடைத்ததாக அவர் பின்னர் கூறினார். செப்டெம்பர் 28ஆம் நாள் சத்திரசிகிச்சை பழைய முறைப்படியே நடந்தேறியது. பெற்றி போட் தம் நோயை மறைக்காது உலகறியச் செய்தமை ஆயிரக்கணக்கான பெண்களுக்குத் துணிவளித்தது. எனினும் அந்நாட்டின் முதற் பெண்மணியின் உடம்பைப் பற்றிய தீர்மானங்கூட அவளுடைய கணவனின் தீர்மானமாகப் பேசப்பட்டதெனில், ஏனைய பெண்களின் நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

பெண்களின் கேள்வி ஒருபுறம் வளர, மருத்துவத்துக்கு உள்ளேயும் ஒரு கேள்வி வளர்ந்தது. பிட்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேர்னாட் பிஷர், நோயானது தொடக்கத்திலேயே இரத்தத்தின் வழியாகவும் பரவக்கூடும் என்றும், அவ்வாறாயின் மார்பைச் சூழ எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் பயனில்லை என்றும் வாதிட்டார். வாதத்தோடு நில்லாது அதனைப் பரிசோதனைக்கு உட்படுத்தினார். 1971இலே தொடங்கிய ஆய்விலே 1,665 பெண்கள் சேர்ந்தனர். எவருக்கு எச்சிகிச்சை என்பது எழுமாறாகத் தீர்மானிக்கப்பட்டது. ஹால்ஸ்டெட் முறையினாற் சிகிச்சை பெற்றவர்கள், தசைகளை இழக்காதவர்களைவிடக் கூடிய காலம் வாழவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை.

1976இலே தொடங்கிய அடுத்த ஆய்விலே 1,851 பெண்கள் சேர்ந்தனர். மார்பு முழுவதையும் அகற்றுதல், கட்டியை மட்டும் அகற்றுதல், கட்டியை அகற்றிக் கதிர்ச்சிகிச்சையும் அளித்தல் ஆகிய மூன்றும் ஒப்பிடப்பட்டன. ஆனால் இதற்கு நோயாளரைச் சேர்ப்பது எளிதாயிருக்கவில்லை. காரணத்தை அறிய அதிற் பங்குகொண்ட சத்திரவைத்தியர்களிடமே கேட்டனர். 1984இல் வெளியான விடைகள் சிந்தனைக்குரியவை. தமக்கும் நோயாளிக்குமிடையேயுள்ள உறவு பாதிக்கப்படும் என அஞ்சியவர்கள் 73 வீதத்தினர். நிச்சயமின்மையைப் பற்றி வெளிப்படையாகப் பேச விரும்பாதவர்கள் 22 வீதத்தினர். 'எது சிறந்ததென்று எங்களுக்கு இன்னும் தெரியாது' என்ற ஒரு வாக்கியத்தை நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்வது, கத்தியை எடுப்பதிலும் கடினமாயிருந்தது போலும்!

1985இல் முடிவு வெளியாயிற்று. மூன்று வகையினரிடையேயும் உயிர்வாழ்விலே வேறுபாடு காணப்படவில்லை. 2002இல், இருபது ஆண்டுக் கணக்கும் அதனையே உறுதிப்படுத்திற்று. கட்டியை மட்டும் அகற்றியவர்களுள் 39.2 வீதத்தினருக்கு அதே மார்பில் நோய் மீண்டது; கதிர்ச்சிகிச்சையும் பெற்றவர்களிடையே அது 14.3 வீதமாகக் குறைந்தது. இத்தாலியின் மிலான் நகரிலே உம்பேர்த்தோ வெரொனேசி 701 பெண்களிடம் நடத்திய ஆய்வும், மார்பைக் காத்தலால் உயிர்வாழ்வு குன்றவில்லை என்ற அதே முடிவையே தந்தது. இடையிலே, மொன்றியலைச் சேர்ந்த சத்திரவைத்தியர் ஒருவர் பிஷரின் ஆய்விலே பொய்த் தரவுகளைச் சேர்த்திருந்தமை 1994இல் அம்பலமாயிற்று. அவருடைய நோயாளரை நீக்கிக் கணக்கிட்டபோதும் முடிவு நிலைத்தது. ஆனால் அப்பொய் சில ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுபிடிக்கப்பட்டும் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதே அவர்களைக் கொதிப்படையச் செய்தது. தெரிவிக்கப்படாத உண்மை, பொய்க்கு அடுத்தபடியானது.

இவ்விரு கேள்விகளும், அதாவது நோயாளியின் கேள்வியும் விஞ்ஞானியின் கேள்வியும், ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதே இவ்வரலாற்றின் சாரமாகும். பல வழிகள் ஏறத்தாழ ஒரே பலனைத் தருமென ஆய்வு காட்டியபின், எவ்வழியிற் செல்வதென்ற வினா மருத்துவ வினாவாக மட்டும் நிற்கமுடியாது. எதனை இழக்க உடன்படுவது, எந்த அச்சத்தோடு வாழ உடன்படுவது என்பதை வாழப்போகிறவரே சொல்லவேண்டும். 1979 ஜூனிலே அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாட்டின் குழுவிலே மருத்துவரல்லாத ஒருவராகக் குஷ்னரும் இடம்பெற்றார். சோதனை வேறு, சிகிச்சை வேறு என இரண்டையும் பிரித்தே செய்யவேண்டுமென அக்குழு பெரும்பாலானோருக்கு விதந்துரைத்தது. அவ்வாண்டிலேயே மசாசூசெற்ஸ் மாநிலமும், அடுத்த ஆண்டில் கலிபோர்னியாவும், மார்பகப் புற்றுநோயாளிக்குச் சிகிச்சை வழிகள் யாவற்றையும் கூறவேண்டுமெனச் சட்டமியற்றின. 1982இல் ஜனாதிபதியின் ஆணைக்குழுவொன்று, தீர்மானம் என்பது மருத்துவரும் நோயாளியும் பகிர்ந்து செய்யவேண்டிய பணியென அறிக்கையிட்டது.

இத்துடன் கதை இனிதே முடிந்ததென்று கூறின் அது அரை உண்மையாகும். கட்டியை மட்டும் அகற்றும் வழியைத் தேர்பவர் அக்காலத்தில் ஐந்தாறு வாரங்கள் நாள்தோறும் கதிர்ச்சிகிச்சைக்குச் செல்லவேண்டியிருந்தது. பின்னர் அக்காலம் மூன்று வாரமாகவும் அதனினும் குறைவாகவும் சுருங்கியுள்ளது. ஆயினும் கதிர்ச்சிகிச்சை நிலையத்துக்கு நெடுந்தொலைவில் வாழ்பவளுக்கும், நாட்கூலியை இழந்தால் அடுப்பெரியாதவளுக்கும், குழந்தைகளை ஒப்படைக்க ஆளில்லாதவளுக்கும் அவ்வழி பெயரளவிலேயே திறந்திருந்தது. இரண்டு வழிகளையும் விளக்கிவிட்டு, 'உன் விருப்பம் எதுவோ அதைச் சொல்' என்று கேட்பது அவளைப் பொறுத்தமட்டில் கேள்வியே அன்று. வறுமை அவளுக்காக முன்னரே விடையளித்துவிட்டது.

மறுபுறத்திலே, வசதி படைத்தோரிடையே வேறொரு போக்கு தோன்றிற்று. 1990களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவிலே, நோயுற்ற மார்போடு நோயற்ற மற்றைய மார்பையும் அகற்றுவிக்கும் பெண்களின் தொகை கூடலாயிற்று. பரம்பரையாக மிகுந்த ஆபத்தைக் கொண்டவர்கள் நீங்கலாக ஏனையோருக்கு இதனால் ஆயுள் நீள்வதாகக் காணப்படவில்லை. தெரிவு அவர்களுடையதுதான், எனினும் அச்சம் தெரிவு செய்ததா, அறிவு தெரிவு செய்ததா என்று கேட்கவேண்டியுள்ளது. வழிகளைப் பட்டியலிட்டு நோயாளியின் கையிற் கொடுத்துவிட்டு மருத்துவர் ஒதுங்கிக்கொள்வதும் ஒருவகைக் கைவிடலே. சிகிச்சை வழிகளையும் அவற்றின் நன்மை தீமைகளையும் எண்களோடு எளிய முறையில் விளக்கும் துணைக்கருவிகளைப் பற்றி 2017இல் ஒரு பெருந்தொகுப்பாய்வு வெளியாயிற்று. 105 ஆய்வுகளையும் 31,000க்கு மேற்பட்டோரையும் அது உள்ளடக்கியது. அக்கருவிகளைப் பயன்படுத்தியோர் கூடிய அறிவு பெற்றனர். ஆபத்தின் அளவைச் சரியாக மதிப்பிட்டனர். தீர்மானத்திலே தாமும் பங்குகொண்டனர். அறிவு கொடுக்கப்படுமாயின் நோயாளி அதனைப் பெற வல்லவர் என்பதே இதன் பொருள்.

அமெரிக்கப் பெண்களின் இவ்வரலாறு எமக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். அறிவு நோயாளியைச் சென்றடைய வேண்டுமாயின் அது அவருடைய மொழியிலே செல்லவேண்டும். மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பிக்கலாம் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயிலிருந்து சாமுவேல் பிஸ்க் கிறீன் நூல்களைப் பெயர்த்தும் மாணவரைப் பயிற்றியும் காட்டினார். மொழி வளமில்லை என்ற சாட்டு அன்றே பொய்யாயிற்று. எமது நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகளிலே சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. அது மக்களின் வரிப்பணத்தாலும் போராட்டங்களாலும் கிட்டிய பெரும்பேறு. இலவசம் என்பதனாலேயே வாய்பொத்தி நிற்கவேண்டுமென்ற எண்ணம் எம்மவரிடம் உண்டெனில், அது 1914இலே ஷ்லோண்டோர்ப்பைத் தோற்கடித்த அதே தருமக் கோட்பாட்டின் நிழலேயாகும். பொதுச் செல்வத்திலிருந்து பெறப்படும் சிகிச்சை பிச்சையன்று. அதனைப் பெறுபவர் கேள்வி கேட்கும் உரிமையையும் அதனுடனேயே பெறுகின்றார்.

நோயாளிகள் நிறைந்து வழியும் கூடத்திலே ஒரு மருத்துவர் எத்தனை பேருக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியும் என்ற வினா நியாயமானது. அவ்வினாவைத் தனிப்பட்ட மருத்துவரின் மேற் சுமத்துவது அநீதி. மருத்துவர் தொகை, வைத்தியசாலைகளின் பரம்பல், தாதியரின் பயிற்சி, தாய்மொழியிலே தெளிவான விளக்கத் தாள்கள் ஆகியன அரசியலைச் சார்ந்த தீர்மானங்கள். அவற்றைக் கேட்டுப் பெறுவது எல்லோருக்கும் உரிய கடமை. பாடசாலையிலே சுகாதாரம் கற்பிக்கும் ஆசிரியருக்கும் இதிற் பங்குண்டு. நோய்களின் பெயர்களையும் கிருமிகளின் பெயர்களையும் மனனஞ் செய்விப்பதோடு நின்றுவிடாது, ஒரு சிகிச்சை நூறு பேருள் எத்தனை பேருக்குப் பயன்படும், செய்யாதுவிட்டால் என்ன நேரும், வேறு வழி உண்டா என்று கேட்கும் பழக்கத்தையும் மாணவரிடத்தே வளர்த்தல் வேண்டும். றோஸ் குஷ்னர் 1990இல் மறைந்தார். அவர் மருத்துவம் பயின்றவரல்லர். நூலகத்துக்குச் செல்லவும், படித்ததை விளங்கிக்கொள்ளவும், விளங்கியதை வைத்துக்கொண்டு கேட்கவும் அவர் அறிந்திருந்தார். அம்மூன்றையும் ஒரு நாட்டின் கல்வி தன் பிள்ளைகள் அனைவருக்கும் கொடுக்குமாயின், கையொப்பமிடும் கை தான் எதற்குக் கையொப்பமிடுகின்றது என்பதை அறிந்திருக்கும்.